நின்ற கார் ஏன் உறுமுகிறது?

பழைய காரின் நடுக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

சிவப்பு விளக்கு எரிகிறது. கார் நிற்கிறது. டிரைவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து விட்டார்.

இப்போது என்ஜின் அடங்க வேண்டும். பூனை போல மெல்ல முணுமுணுக்க வேண்டும். ஆனால், அடங்கவில்லை!

"உர்... உர்..." என்று உறுமுகிறது. ஸ்டீரிங் நடுங்குகிறது. கண்ணாடி ஆடுகிறது. பின் சீட்டில் இருக்கும் பாட்டி, "என்னப்பா இது, மாவு மிஷின் மாதிரி இருக்கு!" என்கிறார்.

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி உண்டு.

அடுத்து என்ன? காரைப் பட்டறைக்குக் கொண்டு போவார்கள்.

"என்ஜின் வேலை வந்து விட்டது சார். இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்று சொல்லும் மெக்கானிக் உண்டு.

"பத்து நிமிஷம் இருங்கண்ணே. முதலில் ஓஸ் பைப்பைப் பார்த்து விடுகிறேன்" என்று சொல்லும் மெக்கானிக்கும் உண்டு.

முதல் ஆள் சொல்வது உண்மையானால் பல ஆயிரம் ரூபாய் செலவு. இரண்டாவது ஆள் சொல்வது உண்மையானால் ஒரு ரப்பர் குழாயின் விலைதான் செலவு!

எது உண்மை? அதை ஓரளவுக்குக் காரின் சொந்தக்காரரே தெரிந்து கொள்ளலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை. காது வேண்டும். கண் வேண்டும். பொறுமை வேண்டும்.

ஓய்வு பெறாத கார்கள்

அம்பாசடர் கார் உற்பத்தி 2014–ம் ஆண்டு நின்றது. மாருதி 800 கார் 1983–ம் ஆண்டு டிசம்பர் மாதம் வந்தது. அதன் உற்பத்தியும் 2014–ம் ஆண்டு ஜனவரியில் நின்றது. அதற்குள் 25 லட்சம் கார்களுக்கு மேல் விற்று விட்டன. பிரீமியர் பத்மினி இவற்றுக்கு முன்பே நின்று விட்டது.

தொழிற்சாலைகள் நிறுத்தின. ஆனால், வீடுகள் நிறுத்தவில்லை. அப்பா வாங்கிய கார், முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் என்று இன்னும் பலர் வைத்து ஓட்டுகிறார்கள். வேறு கார் வாங்க வசதி இல்லாமல் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு ரிப்பேர் செலவும் பெரிய செலவு.

நிமிஷத்துக்கு 900 சுற்று

கார் நிற்கும்போது, கால் வைக்காமலே என்ஜின் ஓடும் ஓட்டத்துக்கு "ஐட்லிங்" என்று பெயர். "ஸ்லோ" என்றும் பட்டறைகளில் சொல்வார்கள்.

சிறிய பெட்ரோல் கார்களில் இது நிமிஷத்துக்குச் சுமார் 800 முதல் 900 சுற்று வரை இருக்கும். சரியான கணக்கு ஒவ்வொரு காரின் கையேட்டிலும் இருக்கும்.

மாருதி 800 காரின் என்ஜினில் மூன்று சிலிண்டர்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரிகிறது. 900 சுற்று ஓடினால், நிமிஷத்துக்கு 1,350 தடவை எரிய வேண்டும்.

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். 450 தடவை போய் விட்டது! மூன்று பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை எடுத்து விட்டால் எப்படி ஆடும்? அப்படி என்ஜின் ஆடும்.

மூன்று சிலிண்டர் என்ஜினுக்குச் சிறிது நடுக்கம் இயற்கையாகவே உண்டு. நான்கு சிலிண்டர் என்ஜின் அதை விட அமைதியாக ஓடும். ஆகவே, உங்கள் கார் நன்றாக இருந்தபோது எவ்வளவு நடுங்கியது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இளநீர் குழலில் ஓட்டை

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினைந்து கிலோ காற்று தேவை. இந்தக் கணக்கைப் பார்த்துக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை.

கால் வைக்காதபோது கார்புரேட்டரில் உள்ள தகடு ஏறக்குறைய மூடி இருக்கும். உள்ளே பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சும். வழி அடைத்திருப்பதால் உள்ளே வெற்றிடம் ஏற்படும். மெக்கானிக்குகள் இதை "வேக்குவம்" என்கிறார்கள்.

இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுகிறீர்கள். குழலில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? பாதி இளநீர் வரும். பாதி காற்று வரும்.

காரிலும் இதே கதைதான். கார்புரேட்டருக்குக் கீழே எங்காவது ரப்பர் குழாய் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும். சில தடவை எரியும். சில தடவை எரியாது. கார் நடுங்கும்.

திருகாணி செய்யும் மோசம்

நடுங்குகிறது, சரி. வேகமாகவும் ஏன் ஓடுகிறது?

உள்ளே புகுந்த கூடுதல் காற்றே சில சமயம் வேகத்தை ஏற்றி விடும். ஆனால், பல கார்களில் காரணம் வேறு. அது மனிதர் செய்த காரியம்!

முதலில் கார் நடுங்கியது. சிக்னலில் நின்றவுடன் அணைந்து அணைந்து போனது. யாரோ ஒருவர் பானெட்டைத் திறந்தார். ஐட்லிங் திருகாணியை அரைச் சுற்று முறுக்கி விட்டார். கார் அணையவில்லை. "ரிப்பேர் முடிந்தது" என்றார்.

முடியவில்லை! கோளாறு அப்படியே இருக்கிறது. அதன் மேல் வேகம் ஏறி விட்டது. காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் போர்வையைப் போர்த்தியது போல!

இதனால் வரும் தீமைகள் பல.

பெட்ரோல் வீணாகிறது. என்ஜின் சூடு ஏறுகிறது. கூட்டமான தெருவில் மெதுவாகப் போக முடியாமல் கார் முன்னால் தள்ளுகிறது. அங்கே குழந்தைகள் நடக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் சில கார்கள் குலுங்கிக் குலுங்கிச் சிறிது நேரம் ஓடும். அதற்கும் இந்தக் கூடுதல் வேகம் ஒரு காரணம்.

புகைச் சான்றிதழுக்காகச் சோதிக்கும்போது, பெட்ரோல் காரை இந்த ஐட்லிங் ஓட்டத்தில் வைத்துத்தான் புகையை அளக்கிறார்கள். ஐட்லிங் கெட்ட கார் அங்கேயும் தோற்றுப் போகலாம்.

ஆகவே, பாடம் இதுதான்: திருகாணியில் முதலில் கை வைக்கக் கூடாது. அது கடைசி வேலை.

சோதிக்கும் முன் ஜாக்கிரதை!

காரை வெட்டவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சில் போனால், பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தோடு ஒட்டிக் கொள்ளும். தலைவலி, மயக்கம் வரும். உயிரே போகும்.

கியரை நியூட்ரலில் வையுங்கள். கைப் பிரேக்கை இழுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி எதுவும் என்ஜின் அருகே வேண்டாம். மின்சார விசிறி உள்ள கார்களில் விசிறி தானாகவே சுற்றத் தொடங்கும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

முதல் சோதனை: சூடா, குளிரா?

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் என்ஜின் வேகமாக ஓடுவது நோய் அல்ல. சூடு ஏறிய பிறகும் அப்படியே ஓடினால்தான் நோய்.

ஆகவே, ஐந்தாறு மைல் ஓட்டி விட்டு வந்து பாருங்கள். சூடு காட்டும் முள் வழக்கமான இடத்துக்கு வந்திருக்க வேண்டும். ஏ.சி. போட்டிருந்தால் அணையுங்கள். ஏ.சி. ஓடும்போது சுமையைத் தாங்குவதற்காக வேகத்தைச் சற்று ஏற்றும் அமைப்புப் பல கார்களில் உண்டு.

இரண்டாம் சோதனை: சோக்

பழைய கார்களில் சோக் குமிழ் இருக்கும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய அதை இழுப்பார்கள். இழுத்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும். கூடவே கார்புரேட்டர் தகடும் சிறிது திறக்கும்.

குமிழைத் தள்ளி விட்டோம் என்று நினைப்போம். ஆனால், உள்ளே கம்பி சிக்கிக் கொண்டிருக்கும். அப்போது வேகமும் வரும், நடுக்கமும் வரும். கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் சேர்ந்து வந்தால் சோக்கின் மேல் சந்தேகப்படுங்கள். பானெட்டைத் திறந்து, சோக் கம்பி முழுதாகத் திரும்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் சோதனை: ஆக்சிலேட்டர்

கால் மிதியடி விரிப்பு ஆக்சிலேட்டரை அழுத்திக் கொண்டிருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். நடக்கிற விஷயம்தான்.

பிறகு காலின் நுனியால் ஆக்சிலேட்டரை மேலே தூக்கிப் பாருங்கள். வேகம் குறைந்தால் ஒயர் இறுகி இருக்கிறது, அல்லது இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்து விட்டது. ஒயருக்குச் சிறிது தொய்வு இருக்க வேண்டும்.

நான்காம் சோதனை: காற்றுக் கசிவு

இதுதான் முக்கியமான சோதனை. என்ஜினை ஓட விட்டுக் கூர்ந்து கேளுங்கள். "ஸ்ஸ்..." என்ற சத்தம் கேட்கிறதா? மூன்றடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டரைச் சுற்றி நகர்த்தினால் சத்தம் வரும் இடம் தெரியும். குழாய் விசிறி, பெல்ட் பக்கம் போகக் கூடாது.

பிறகு என்ஜினை அணைத்து விட்டு, சிறிய ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் சப்பாத்திக் கல்லில் கருகியது போல வெடித்திருக்கும். இந்தியப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு 2025–ம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர் சாமான்கள் அதனால் சீக்கிரம் கெடலாம். பெட்ரோல் போகும் குழாய் வெடித்திருந்தால் காரை ஓட்டவே கூடாது.

குழாய்கள் நன்றாக இருந்தால், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங் மேல் சந்தேகம். மெக்கானிக்குகள் அங்கே தண்ணீரைப் பூப்போலத் தெளிப்பார்கள். ஓட்டையைத் தண்ணீர் ஒரு நொடி அடைத்தால் என்ஜின் சத்தம் மாறும். பிளக் ஒயர் மேல் தண்ணீர் படக் கூடாது. பெட்ரோலையோ, தீப்பற்றும் ஸ்பிரேயையோ சூடான என்ஜின் மேல் அடிப்பது தீயோடு விளையாடுவது ஆகும்.

கார்புரேட்டர் காரில் இன்னொரு எளிய வழி உண்டு. சூடான என்ஜின் ஓடும்போது சோக்கைச் சிறிதளவு இழுங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டாம், நடுக்கத்தைப் பாருங்கள். நடுக்கம் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். காற்றுக் கசிகிறது, அல்லது சிறிய ஜெட் அடைத்திருக்கிறது. நடுக்கம் கூடினால் கோளாறு வேறு இடத்தில்.

பிரேக்கையும் பாருங்கள்

பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில், என்ஜினின் இந்த வெற்றிடம்தான் பிரேக்குக்கும் பலம் கொடுக்கிறது. அந்தக் குழாய் கசிந்தால் ஐட்லிங் கெடும். கூடவே பிரேக் கட்டையாகி விடும். காரை நிறுத்தப் பலமாக மிதிக்க வேண்டி வரும்!

சோதிப்பது சுலபம். என்ஜினை அணைத்து விட்டுப் பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள். மிதி இறுகி விடும். காலை அப்படியே அழுத்திக் கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சிறிது கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இது பெட்ரோல் செலவு விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

ஐந்தாம் சோதனை: நெருப்பு

காற்றும் பெட்ரோலும் சரி. பற்ற வைக்கும் நெருப்பு சரியா?

குளிர்ந்த என்ஜினில் இருந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொல்லுங்கள். எந்த பிளக் எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். அவற்றின் முனை ஜாதகம் போலக் கதை சொல்லும்.

இளம் பழுப்பு நிறம்: எல்லாம் நலம்.

காய்ந்த கருப்புக் கரி: பெட்ரோல் அதிகம்.

வெள்ளை வெளேர் என்ற நிறம்: பெட்ரோல் குறைவு, சூடு அதிகம்.

எண்ணெய்ப் பிசுக்கு: ஆயில் மேலே ஏறுகிறது.

எல்லா பிளக்கும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு பொதுவான இடத்தில். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில்.

இரவில் பானெட்டைத் திறந்து, விளக்கு இல்லாமல் பார்த்தால் இன்னொன்று தெரியும். பழைய பிளக் ஒயர்களில் நீலப் பொறி ஓடினால், ஒயரை மாற்ற வேண்டும். ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்காதீர்கள். பலமான ஷாக் அடிக்கும்!

அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் தேய்ந்தால் நெருப்பு வரும் நேரம் மாறி விடும். நேரம் முந்தினால் ஐட்லிங் வேகம் ஏறும். இதை மெக்கானிக் டைமிங் லைட் வைத்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் உள்ள கார்கள்

2000–ம் ஆண்டை ஒட்டிப் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. எம்.பி.எப்.ஐ. முறை வந்தது. இந்தக் கார்களும் இப்போது பழைய கார்கள் ஆகி விட்டன.

இவற்றில் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளக்கிறது. காற்று வரும் வழியில் கரி படிந்தாலோ, ஐட்லிங் வால்வு சிக்கினாலோ கார் உறுமும். என்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் கெட்டால், சூடான என்ஜினைக் "குளிர்ந்திருக்கிறது" என்று கம்ப்யூட்டர் நம்பி விடும். பெட்ரோலை வாரி விடும்.

இந்தக் கார்களில் திருகாணியைத் தேடக் கூடாது. ஸ்கேனர் கருவி உள்ள பட்டறையில் காட்ட வேண்டும். ஆனால், ரப்பர் குழாய் வெடித்தால் இந்தக் கார்களும் நடுங்கும். ஆகவே, கண்ணால் பார்க்கும் சோதனை இவற்றுக்கும் உண்டு.

எப்போது என்ஜினை இறக்கலாம்?

சில சமயம் என்ஜின் சரியாகவே ஓடும். அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கும். நடுக்கம் எல்லாம் காருக்கு ஏறும். என்ஜினின் சத்தம் சீராக இருந்து, காரின் உடம்பு மட்டும் ஆடினால் மவுண்டிங்கைப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லையா? அப்போது "கம்பிரஷன்" அளக்க வேண்டும். பிளக் துவாரத்தில் ஒரு மீட்டரை வைத்து அளப்பார்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு மிகவும் குறைந்தால் வால்வு கருகி இருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வு இடைவெளி தவறினாலும் அளவு குறையும். அதையும் பார்த்து விட்டுத்தான் என்ஜின் வேலை.

மீட்டர் வைத்துப் பாராமல் "என்ஜினை இறக்க வேண்டும்" என்று சொன்னால், அவசரப்பட்டுத் தலையை ஆட்டாதீர்கள். பட்டறைக்குப் போகும்போது இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

"சோக்கும் ஆக்சிலேட்டர் ஒயரும் பார்த்தீர்களா?"

"எங்காவது காற்றுக் கசிகிறதா?"

"பிளக்குகளைக் காட்டுங்கள், என்ன நிறம்?"

"கம்பிரஷன் எவ்வளவு இருக்கிறது?"

மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். கழற்றிய சாமானைக் கையில் எடுத்துக் காட்டுவார்.

கோளாறு தீர்ந்த பிறகு, கடைசியாக அந்தத் திருகாணி! ஏற்றி வைத்திருந்த வேகத்தை இறக்கிக் கையேட்டில் உள்ள கணக்குக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஏ.சி., முன் விளக்கு எல்லாம் போட்டும் கார் அணையாமல் நிற்கிறதா என்று பார்த்து விட்டுப் பணத்தைக் கொடுங்கள்.